ஒரு மாநிலங்களவை இடம், ஒரு பள்ளி ஆசிரியைக்கு

தமிழ்நாட்டின் எல்லா அரசியல் கட்சிகளிலும் வேட்பாளர் பட்டியல் தயாரிக்க உட்காருகிற பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அரசமைப்பு நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களின் பெயர்களையும் ஒரு சார்ட்டில் எழுதச் சொன்னேன். எழுதி முடித்து ஒட்டும்போது ஒரு சிறுமி கேட்டாள்: "மிஸ், இவங்கல்லாம் அதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தாங்க? இதுல டீச்சர் யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரிக்கு மேல் சொல்ல அன்று என்னிடம் ஒன்றும் இல்லை. 31 வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அது வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் தாட்சாயணி வேலாயுதனிடம் போய்ச் சேர்ந்தேன். உங்களிடம் நான் கேட்கப்போவதும் அவர் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். ஆகவே முதலில் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1912இல் கொச்சிக்குப் பக்கத்தில் முளவுகாடு என்ற தீவில், புலையர் சமூகத்தில் பிறந்தவர். அந்தச் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்றிருந்த காலம். பொது வழியில் நடக்கவும் தடை. 1913இல் அந்த மக்கள் ஒரு மாநாடு கூட்ட நினைத்தபோது, கூடுவதற்கு நிலத்தில் இடம் கிடைக்கவில்லை. சரி, தண்ணீருக்கு யார் தடை சொல்ல முடியும் என்று, கொச்சிக் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி அதன்மேல் கூட்டம் போட்டார்கள். காயல் சம்மேளனம் என்று கேரளத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அப்போது தாட்சாயணி கைக்குழந்தை. அவர் வீட்டு மனிதர்களும் அந்தப் போராட்டத்தில் இருந்தவர்கள்தான்.

அவர் பெயரையே பாருங்கள். தாட்சாயணி என்று அந்தச் சமூகத்தில் அன்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்கமாட்டார்கள். அழகி, சக்கி, காளி என்றுதான் வைக்க வேண்டும். வைத்த பெயரிலேயே வீட்டார் ஒரு வழக்கத்தை மீறிவிட்டார்கள். பள்ளிக்கும் மேலாடையோடுதான் போனார்.

பிறகு எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி. வேதியியல் படித்தார். ஆய்வகத்தில் ஆசிரியர் அவரைப் பக்கத்தில் விடவில்லை. சோதனைக் குழாயை மற்றவர்களுக்குக் காட்டுவார், இவர் தள்ளி நின்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆசிரியையாக இந்த இடத்தை என்னால் சும்மா படித்துக் கடக்க முடியவில்லை. கையில் பிப்பெட்டைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, கோட்டுக்கு வர வரைக்கும் விடு" என்று சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பிள்ளைகளுக்கு வேதியியல் வருவதில்லை. அவர் தூரத்திலிருந்தே பார்த்து 1935இல் பட்டம் வாங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார்.

1935 முதல் 1945 வரை, பத்து வருஷம், திருச்சூரிலும் திருப்பூணித்துறையிலும் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியை. பக்கத்தில் வராதே என்று விலக்கி வைக்கப்பட்ட பெண், அதே கொச்சி சமஸ்தானத்தின் பள்ளியில் கரும்பலகைக்கு முன்னால் நின்று எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தினார்.

1940இல் வார்தா ஆசிரமத்தில், காந்தியும் கஸ்தூரிபாயும் முன்னிலை வகிக்க வேலாயுதனுடன் கல்யாணம். தொழுநோயாளி ஒருவர் அதை நடத்திவைத்தார். 1945இல் கொச்சி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷம்தான் நான் உங்களிடம் பேச வந்த விஷயம் நடந்தது.

1946இல் அரசமைப்பு நிர்ணய சபைக்குத் தேர்தல். மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். தாட்சாயணி வேலாயுதனைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது எந்த மாகாணம் தெரியுமா? நம் சென்னை மாகாணம். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி என்று மூன்று பெண்கள் இங்கிருந்து போனார்கள். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர், அப்போது வயது 34. கொச்சி சமஸ்தானத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரை நம் சட்டமன்றம் டில்லிக்கு அனுப்பியது. அவருக்குப் பின்னால் பணம் கிடையாது, தோட்டம் துரவு கிடையாது.

போனவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சபை கூடிய பத்தே நாளில், 1946 டிசம்பர் 19 அன்று, பேசினார். ஏழு கோடி ஹரிஜனங்களைச் சிறுபான்மையினர் என்று ஒதுக்குவதைத் தான் ஏற்கமுடியாது என்றார். எங்களுக்கு வேண்டியது சமூகத் தடைகள் உடனே நீங்குவதுதான் என்றார். தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கையை எதிர்த்தார். 1948 நவம்பரில் வரைவு விவாதத்துக்கு வந்தபோது, மையத்தில் அதிகாரம் குவிகிறது, ஆளுநரை மையம் நியமிப்பது சரியில்லை என்று குறை சொன்னார். இந்த வரைவையே பொதுத்தேர்தலில் மக்கள் முன் வைத்து ஒப்புதல் வாங்கலாமே என்றும் கேட்டார். தன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய கட்சிக்கு அது உவப்பாக இருக்குமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. தனி வாக்காளர் தொகுதி பற்றி அவரோடு இன்னும் வாதாடலாம். ஆனால் ஆளுநர் பற்றி அவர் எழுப்பிய கேள்வியை இன்றைக்கும் நீங்கள் எல்லோரும் மேடையில் எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதை 1948லேயே, கரும்பலகையை விட்டு வந்து மூன்றே வருஷமான ஒரு பெண் கேட்டிருக்கிறார்.

1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு, இன்றைய 17ஆவது பிரிவு, விவாதத்துக்கு வந்த நாள். தாட்சாயணி பேசினார். நேரம் முடிந்துவிட்டது. தலைமையில் இருந்தவர், நீங்கள் பெண் என்பதால்தான் இன்னும் பேச விடுகிறேன் என்றார். அப்படிச் சலுகை போலக் கிடைத்த நிமிடங்களிலும் தொடர்ந்து பேசினார். அன்று அவர் சொன்னதன் சாரம் இது: இந்த அரசமைப்பு எப்படி நடக்கும் என்பது, சட்டத்தை நிறைவேற்றுவதைவிட, மக்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது. இதை ஒரு வழக்கறிஞர் சொல்லியிருக்கலாம்தான். எனக்கு என்னவோ பத்து வருஷம் வகுப்பறையில் நின்றவரின் குரல்தான் கேட்கிறது. விதியைப் பலகையில் எழுதிப்போடுவதும், 40 பிள்ளைகள் அதன்படி நடப்பதும் வேறு வேறு என்று எங்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

1950 முதல் 1952 வரை தற்காலிக நாடாளுமன்றத்திலும் இருந்தார். கணவரும் அதே அவையில் உறுப்பினர். அதற்கப்புறம் கட்சிகள் அவரை மறந்துவிட்டன. 1971இல் மக்களவைக்கு அடூரில் நின்றார், தோற்றார். டில்லியில் துப்புரவுப் பணி செய்யும் பெண்களோடு வேலை செய்தார், தலித் பெண்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார், 1978இல் காலமானார். சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் முறையில் போன ஓர் ஆசிரியை அரசமைப்பையே எழுதும் சபையில் பேசினார். மக்கள் நேரடியாக வாக்களிக்கும் தேர்தலில் அதே ஆசிரியையால் ஜெயிக்க முடியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதற்காகவே இவ்வளவு தூரம் சொன்னேன்.

இப்போது எங்கள் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். 27 வருஷம் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தவர். ஒன்பதாம் வகுப்பில் பொங்கல் விடுமுறை முடிந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தால், சில பெயர்களுக்கு நேரே தினமும் சிவப்பு மையில் 'ஆப்செண்ட்' விழுந்துகொண்டே போகும். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று அர்த்தம். நாங்களெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவோம். அவர் சனிக்கிழமை பஸ் ஏறிச் சூளைக்கே போவார். சூளைக்காரரிடம் சண்டை போடமாட்டார், அங்கே நின்றுகொண்டு பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார். முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம், ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, எல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்திருப்பார். புலம்பெயர் தொழிலாளர் பற்றியும் கொத்தடிமை ஒழிப்பு பற்றியும் நாடாளுமன்றத்தில் பேச ஒருவர் வேண்டுமென்றால், அந்த நோட்டு ஒன்று போதும்.

அவருக்கு ஒரு கட்டத்தில் அரசியலுக்கு வரலாம் என்று தோன்றியது. அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. அரசுப் பணியில் இருக்கும்வரை ஆசிரியர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக முடியாது, யாருக்கும் பிரச்சாரம் செய்ய முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. ஊதியம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாதென்று அரசமைப்பின் 102ஆவது பிரிவும் சொல்கிறது. விதி சரியானதுதான். வகுப்பறையில் கட்சி வரக்கூடாது, நானே அதை விரும்பமாட்டேன். ஆகவே அவர் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்தார். சம்பளம் நின்றது. ஒரு கட்சியில் சேர்ந்தார். மக்களவைத் தேர்தலுக்கு விருப்ப மனு கொடுத்தார், அதற்கும் ஒரு கட்டணம். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டே கேள்வி. "கட்சியில எத்தனை வருஷமா இருக்கீங்க?" எட்டு மாதம் என்றார். 27 வருஷமும் சேரக்கூடாது என்று விதி இருந்ததை எந்த மூச்சில் விளக்குவது? அடுத்தது, "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" அவர் பதில் சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து வெளியே வந்தவர் என்னிடம் போனில் சொன்னது, "நோட்டைத் திறக்கவே இல்லை டீச்சர்" என்பதுதான்.

நேர்காணலில் கேள்வி கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மக்களவைத் தொகுதிக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் செலவு வரம்பே நம் மாநிலத்தில் 95 லட்சம் ரூபாய். டெபாசிட் 25,000, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 12,500. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது ஒரு மக்களவைத் தொகுதி. அதில் யார் பணம் போடுவது என்று நீங்கள் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் மாநிலங்களவைக்கு இந்தக் கவலை எதற்கு?

தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள், ஆறு வருஷத்துக்கு. 1946இல் தாட்சாயணியை அனுப்பிய முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அன்றும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு, இன்றும் அதே. தெருத்தெருவாகப் பிரச்சாரம் கிடையாது, பூத் செலவு கிடையாது. யார் போவார் என்பதை உங்கள் அறையில் உட்கார்ந்து நீங்களேதான் முடிவு செய்கிறீர்கள். அந்த 18இல் ஓர் இடத்தை, ஒரே ஓர் இடத்தை, பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

எங்களுக்கென்று ஒரு வழி இருந்தது, அதுவும் மூடிவிட்டது. சட்ட மேலவையில் 12இல் ஒரு பங்கு இடம், ஆசிரியர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் தொகுதி. 1986இல் மேலவையே போய்விட்டது. 2010இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் வந்தது, ஆட்சி மாறியதும் அது நின்றுபோனது. சகோதரி சுப்புலட்சுமியை, சென்னையில் இளம் விதவைகளுக்கு ஐஸ் ஹவுசில் விடுதி நடத்திப் படிக்கவைத்த அந்த ஆசிரியையை, 1952இல் உறுப்பினராக்கி உட்காரவைத்தது அந்த மேலவைதான். இன்று அப்படி ஒருவர் இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவார், சொல்லுங்கள்.

ஆசிரியையை அனுப்பினால் ஜெயிப்பாரா, மக்கள் ஏற்பார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். கேரளத்தில் பள்ளி ஆசிரியைகளாக இருந்து அமைச்சர்களான கே.கே. ஷைலஜாவையும் பி.கே. ஸ்ரீமதியையும் இன்றைக்கும் 'டீச்சர்' என்றுதான் ஊரே அழைக்கிறது. ஸ்ரீமதி டீச்சர் 2014இல் கண்ணூரிலிருந்து மக்களவைக்குப் போனார். திருவனந்தபுரத்தின் ஆனி மஸ்கரீன் இலங்கையில் பாடம் நடத்திவிட்டு வந்தவர். நாட்டின் முதல் மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாகவே நின்று ஜெயித்தார். நம் சென்னையிலேயே, ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த தமிழச்சி தங்கபாண்டியன் தென்சென்னையில் இரண்டு முறை ஜெயித்திருக்கிறார். கல்லூரி வரைக்கும் வந்துவிட்டீர்கள், இன்னும் கொஞ்சம் நடந்து உயர்நிலைப் பள்ளிக்கும் வரலாமே.

இலங்கையைப் பாருங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஹரிணி அமரசூரிய 2020இல் நாடாளுமன்றத்துக்குப் போனது தேசியப் பட்டியல் வழியாக. அதாவது கட்சி தானாகக் கொடுத்த இடம். நான்கு வருஷம் அவையில் அவர் பேசியதை மக்கள் கேட்டார்கள். 2024இல் கொழும்பு மாவட்டத்தில் அவர் பெயருக்கென்றே விழுந்த விருப்பு வாக்குகள் 6,55,289. இன்று அந்த நாட்டின் பிரதமர். முதல் கதவை யாராவது திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கதவை அவர்களே திறந்துகொள்கிறார்கள்.

மாயாவதி டில்லியில் பள்ளி ஆசிரியை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். 1977இல் தலித் தலைவர் கன்ஷிராம் அவர் வீட்டுக்கே போய் அரசியலுக்குக் கூப்பிட்டார். 1989இல் பிஜ்னோரிலிருந்து மக்களவை உறுப்பினர். அவருடைய பிற்கால ஆட்சி பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கட்டும். ஒரு தலைவர் ஓர் ஆசிரியையின் வீடு தேடிப் போனார் என்பதை மட்டும் நீங்கள் கவனியுங்கள்.

எங்களுக்கு அரசியல் தெரியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் ஜெயிக்கிற ஒவ்வொரு தேர்தலையும் நடத்திக்கொடுப்பது நாங்கள். முந்தின நாளே இயந்திரத்தை வாங்கிக்கொண்டு போய், வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் ஏஜெண்டுகளின் கண்ணெதிரில் 50 மாதிரி வாக்குப் போட்டு எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் டோக்கன் கொடுக்கிறோம். 17சி படிவத்தில் எண்ணிக்கையை எழுதி ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வண்டி ஏறும்போது சில சமயம் நள்ளிரவு தாண்டிவிடும். எனக்கு ஏழு தேர்தல் அப்படிப் போயிருக்கிறது. ஒருமுறை வயதான ஒரு பாட்டி, விரலில் மை வைத்ததும், "இதுல யார் பேரு இருக்கு, எனக்குத் தெரிஞ்சவங்க யாராவது நிக்கிறாங்களா?" என்று கேட்டார். அதிகாரியாக உட்கார்ந்திருக்கும் நான் பதில் சொல்லக்கூடாது. தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பாட்டிக்குத் தெரிந்தவர் என்று அந்த அறையில் இருந்தது நான்தான். அவர் பேத்திக்குப் பாடம் நடத்தியவள்.

2023இல் நாடாளுமன்றம் 106ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களவையில் 454 பேர் ஆதரவு, எதிர்ப்பு இரண்டே பேர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. ஆனால் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதினார்கள். அப்படி வாக்களித்த நாட்டில், 2024 மக்களவைத் தேர்தலில் 543 பேரில் 74 பேர்தான் பெண்கள் வந்தார்கள். தமிழ்நாட்டில் 39இல் 5. அந்தச் சட்டம் மாநிலங்களவைக்குப் பொருந்தாது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அங்கே பெண்ணை அனுப்ப எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் இல்லாத இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

அப்புறம் நடைமுறை. ஆசிரியை ஒருவரை மனதில் வைத்திருந்தால் கடைசி நாளில் சொல்லாதீர்கள். விருப்ப ஓய்வுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மாதங்கள் ஆகும். வேட்புமனு பரிசீலனைக்கு முன் அவர் பணியிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களிலும் தேடுங்கள், அறுபது வயதில் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கட்சியில் எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள், பள்ளியில் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். நகரத்துப் பெரிய பள்ளிகளோடு நிறுத்திவிடாமல் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் ஆள் அனுப்புங்கள். போனால், தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடாமல், மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

எங்கள் கணக்கு டீச்சருக்கு இந்த மடலைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். விருப்ப மனுவின் ரசீது அந்த நோட்டுக்குள்ளேயே இன்னும் மடித்தபடி இருக்கிறது. இப்போது வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பதினாறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார், காசு வாங்குவதில்லை. மறுபடியும் கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காலாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ரெண்டு பாடம் முடிக்கணும். அதுக்கப்புறம்னா வர்றேன்னு எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்